நாலாவது குறை

எங்கள் தெருவில் அவரிடம் ஏணி இரவல் கேட்டுப் போனால் ஏணி உடனே வராது. முதலில் ஏணியின் குறை வரும்.

"மூணாவது படி ஆடும், அதுல கால வைக்காதீங்க. மேல வலப்பக்கம் ஒரு ஆணி நீட்டிகினு இருக்கு. சட்டைய இழுக்கும்."

கேட்டவர் சரி என்று சொல்லும்வரை ஏணியிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

களம்பூரில் ஒரு அரிசி மில்லில் எலக்ட்ரிசியன் வேலை. காலை பஸ்ஸில் போவார். சாயங்காலம் தலையெல்லாம் தவிட்டுத் தூசியோடு வருவார். தெருவில் எல்லோருக்கும் அவர் மில் அண்ணன். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் நான் பட்டுத்தறி நெய்தேன். என் வீட்டுக்காரர் விடிந்ததும் பவர்லூம் கொட்டகைக்குப் போய்விடுவார். பகலில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் எனக்கு அந்தச் சுவர்தான்.

வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காபி டம்ளரை நீட்டும்போதே சொல்வார், "சக்கர கொஞ்சம் தூக்கலா இருக்கும்."

உள்ளேயிருந்து அண்ணி குரல் வரும். "நான் போட்ட காபிக்கு நீங்க என்னாத்துக்கு நோட்டீஸ் ஒட்றீங்க?"

"முன்னாடியே தெரிஞ்சிக்கினா நல்லதுதான?"

"ஒரு நாளாவது நல்லா இருக்குதுன்னு சொல்லிக் குடுங்களேன்."

"நல்லா இருந்தா அவங்களே சொல்லுவாங்க."

பழைய சைக்கிளை விற்க அவருக்கு மூன்று வருஷம் ஆயிற்று. வாங்க வந்தவர்களை உட்கார வைத்து, முன் சக்கரத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொல்வார். கேரியர் வரைக்கும் வருவதற்குள் அவர்கள் எழுந்துவிடுவார்கள். கடைசியில் காது கேளாத ஒரு தாத்தா வாங்கிக்கொண்டு போனார். அவர் கையிலும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார் என்று அண்ணி சொன்னாள்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிப்போம். சிரிக்க முடியாததும் ஒன்று நடந்தது.

அண்ணியின் தங்கை அவர்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அவளைப் பெண் பார்க்க தேவிகாபுரத்திலிருந்து வந்தார்கள். தட்டு எடுத்துக் கொடுக்க நானும் போயிருந்தேன். பையனின் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. பூ வைத்துவிடலாமா என்று பேச்சு வந்தது. அப்போது இவர் தொண்டையைச் செருமினார். அண்ணி கண்ணாலேயே வேண்டாம் என்றாள். இவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"பொண்ணுக்கு எடது காது மந்தம். சின்ன வயசுல ஜுரம் வந்து போனது. வலப்பக்கமா நின்னு பேசினா ஒரு தொந்தரவும் இல்ல."

அவர்கள் கேசரியை முடிக்கவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை.

அந்தப் பெண் அழவில்லை. தட்டுகளை எடுத்து அடுக்கினாள். பிறகு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"மாமா, அது என் காது. நானே சொல்லிக்க மாட்டனா?"

மறுநாள் அவர் சுவரோரம் வந்து என்னைக் கேட்டார், "அவ சொல்றது சரிதானா ம்மா?" எனக்கும் தெரியவில்லை. தறி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுத்த வருஷம் வேறு இடத்திலிருந்து வந்து பார்த்தார்கள். அன்றைக்கு இவர் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அது. மில் பூட்டியிருந்தது. சாயங்காலம்வரை வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தாராம். காதைப் பற்றி அந்தப் பெண்ணே சொன்னாள். கல்யாணமும் நடந்தது.

டார்ச் செய்ய ஆரம்பித்தது அதற்கப்புறம்.

மில்லில் இருட்டான இடம் அதிகம். பெல்ட் ஓடும் பள்ளம், நெல் கொட்டும் தொட்டியின் அடி, இங்கேயெல்லாம் டார்ச் இல்லாமல் கை வைக்க முடியாது. மெஷின் அதிர்வில் பல்பின் இழை அறுந்துகொண்டே இருக்கும். அப்போதுதான் எல்.இ.டி. வந்துகொண்டிருந்தது. கடையில் விற்ற எல்.இ.டி. டார்ச்சில் குட்டிக் குட்டியாக ஏழெட்டு விளக்கு இருக்கும். வெளிச்சம் நாலு அடி தாண்டாது. இவர் சென்னைக்குப் போன ஒருவரிடம் சொல்லி, ரிச்சி தெருவிலிருந்து பெரிய எல்.இ.டி. நாலு வரவழைத்தார். பெரியது என்றால் துவரம்பருப்பு அளவு. சுவர்மேல் பேப்பரை விரித்து அதில் வைத்துக் காட்டினார்.

"இதுல அறுந்து போற இழையே கெடையாது ம்மா" என்றார். மூச்சு விட்டுவிட்டு, "ஆனா சூடாவும்" என்றார்.

பழைய மூணு செல் டார்ச் ஒன்றில் பல்பை எடுத்துவிட்டு அதை வைத்து ஒட்டினார். பொழுது சாய்கிற நேரம். எதிர்வீட்டு மாடிச் சுவரில் அடித்தார். பல்லி ஓடுவது தெரிந்தது. நாலு நிமிஷம் அப்படி எரிந்தது. அப்புறம் வெளிச்சம் நீலமாகி, மங்கி, நின்றுவிட்டது.

"செத்துப்போச்சா?" என்றேன்.

"வெளிச்சம் முன்னால போவுது. சூடு பின்னால போவுது. பின்னால போறதுக்கு நான் வழி வைக்கல."

அந்த வழியை வைக்க அவருக்கு நாலு மாசம் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வேலை. முதலில் ஒழுகிப்போன செப்புச் சொம்பின் அடியை வட்டமாக வெட்டி எல்.இ.டி.க்குப் பின்னால் வைத்தார். அது தன் அம்மா வீட்டுச் சீர் என்று அண்ணி ஒரு வாரம் பேசவில்லை. செம்பு வைத்ததும் பத்து நிமிஷம் எரிந்தது. இரண்டாவது எல்.இ.டி.யும் போயிற்று.

பிறகு ஸ்பீக்கர் செட் கடையில் எரிந்துபோன ஒரு ஆம்பிளிஃபயரைக் கேட்டு வாங்கி வந்தார். அதன் முதுகில் வரிவரியாகச் செதில் வைத்த அலுமினியக் கட்டி இருக்கும். அதில் ஒரு துண்டை ஆக்சா பிளேடால் அறுத்தார். துணி துவைக்கிற கல்லில் வைத்து அரம் போட்டார். பிறகு கண்ணாடித் துண்டின்மேல் உப்புக் காகிதத்தை விரித்து, செம்பையும் அலுமினியத்தையும் மாற்றி மாற்றித் தேய்த்தார். இரண்டையும் ஒன்றோடொன்று வைத்தால் நடுவில் கோடுகூடத் தெரியக்கூடாதாம்.

"மொகத்தோட மொகம் ஒட்டணும். நடுவுல காத்து பூந்தா சூடு நின்னுடும்."

ரேடியோ ரிப்பேர்க் கடையிலிருந்து வெள்ளைப் பசை கொஞ்சம் வாங்கி வந்து நடுவில் தடவினார். டார்ச்சின் கழுத்தை அறுத்து, செதில்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பொருத்தினார். மீன் செவுள் மாதிரி இருந்தது.

அண்ணி வந்து பார்த்தாள். "கோழிக் கழுத்து மாதிரி இருக்குது. இதப் புடிச்சிகினு வெளிய போவாதீங்க."

சூடு பார்க்க என்னைக் கூப்பிடுவார். "எம்மா, கழுத்தப் புடி. நூறு எண்ணு. சுட்டா சொல்லு." நான் எண்ணுவேன். ஒரு வாரம் எழுபதில் சுட்டது. அடுத்த வாரம் நூறு தாண்டியும் சுடவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், 'தறிக்காரர் கை, தோல் காய்த்தது, சரியாகச் சொல்லாது' என்று எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அண்ணியையும் எண்ணச் சொன்னார்.

இரண்டு டார்ச் செய்தார். ஒன்று மில்லுக்கு. இன்னொன்று வீட்டில் இருந்தது.

கரண்ட் அடிக்கடி போன வருஷங்கள் அவை. பகலில் இரண்டு மணி நேரம் என்று சொல்வார்கள், மூன்றும் ஆகும். என் தறி இருந்த அறைக்கு ஒரே ஜன்னல். ஐப்பசி மழையில் அந்த ஜன்னலும் உதவாது. கை கட்டி உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அவர் சுவருக்கு மேலே டார்ச்சை நீட்டினார். வெளிச்சம் பரவ, கண்ணாடிமேல் பால் கவர் ஒன்றை வெட்டிக் கட்டியிருந்தார்.

"தறிக்கு மேல கட்டித் தொங்கவுடு. மூணு கொற இருக்கு. எழுதிக்கீறேன், பாரு."

டார்ச்சின் உடம்பில் வெள்ளை டேப் சுற்றிப் பேனாவால் எழுதியிருந்தார். இருபது நிமிஷத்துக்கு மேல் எரிந்தால் கழுத்து சுடும், அணைக்கவும். சுவிட்ச் லேசு, தட்டினால் அணையும். கீழே விழுந்தால் பிழைக்காது.

நல்ல வெளிச்சம். இழை இழையாகத் தெரிந்தது. இருபது நிமிஷம் நெய்வேன், கொஞ்சம் ஆற விடுவேன். அந்த மாசம் என் தறி நிற்கவில்லை.

அப்போது தறியில் இருந்தது அரக்குச் சேலை. அதற்கு முந்தினது காபிக்கொட்டைக் கலர். குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சின்னக் குழல்களில் சுற்றி வைத்துக்கொண்டு நெய்வோம். தார் என்போம் அதை. நெடுக்கே ஓடும் பாவும் ஊடையும் முதலாளி கொடுப்பார், கூலிக்கு நெய்து கொடுப்போம். மிச்சமான நூலை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காபிக்கொட்டையில் மிச்சம் இரண்டு தார். கொடுக்க மறந்து கூடையிலேயே கிடந்தது.

அரக்குச் சேலையை அறுத்து இறக்கிய அன்று அந்த இரண்டு தாரைத் தேடினேன். இல்லை. அரக்கில் இரண்டு தார் கூடுதலாக இருந்தது.

சேலையை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போய்ப் பிரித்தேன். நடு உடம்பில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை, நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை. ஈரம் பட்ட மாதிரி மங்கலாக இருந்தது. நூல் மாறிப்போனது டார்ச் வெளிச்சத்தில் நெய்த அன்றைக்குத்தான் நடந்திருக்க வேண்டும். அதற்குமேல் இரண்டு கஜம் நெய்து சுருட்டியாயிற்று. இனிப் பிரிக்க முடியாது.

சேலையை மடித்து உள்ளே வைத்தேன். டார்ச்சைக் கொண்டுபோய்ச் சுவர்மேல் வைத்தேன்.

"உங்க லைட்டால கெட்டேன் ண்ணே."

சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டு நூலிலும் துண்டு கேட்டார். மடியில் ஒட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தேன். இருட்டான சமையலறைக்குள் போய் டார்ச்சில் பார்த்தார். வெளியே வந்து வெயிலில் பார்த்தார். திரும்பவும் உள்ளே போனார். வந்தபோது முகம் சரியில்லை.

"இந்த வெளிச்சத்துல சேப்பு செத்துப்போவுது ம்மா. ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. எனக்கு இது தெரியாம போச்சே."

பேனாவை எடுத்தார். நின்ற இடத்திலேயே டேப்பில் நாலாவதாக எழுதினார். நிறம் பார்க்க ஆகாது.

"மொதலாளிகிட்ட நான் வந்து சொல்றேன். கொற லைட்டுது, உன்னுது இல்ல."

"சொன்னா சேல என் தலையில மாட்டும் ண்ணே. அடுத்த பாவு குடுக்க மாட்டாரு. தறி நின்னுடும்."

"சொல்லாமயே குடுப்பியா?"

"டியூப் லைட்ல தெரியாது. மூட்டமா இருக்கற நாளாப் பாத்துக் குடுத்துடுவேன்."

"வாங்கறவங்க வெயில்ல கட்டுவாங்களே."

பாவு நின்றால் வேறு வேலை எனக்குத் தெரியாது. அதுதான் மனசில் இருந்தது.

"சேல என்னுது. நான் சொல்லிக்கறேன். நீங்க சொல்லாதீங்க" என்றேன்.

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"எப்ப சொல்லுவ?"

"சொல்றேன்."

"சரி. நீ சொல்ற வரைக்கும் நான் வாயத் தொறக்கல."

சேலையைக் காட்டச் சொன்னார். மடித்துவிட்டேன் என்றேன். எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அரக்கு உடம்பு, பச்சைக் கரை, கட்டினால் இடுப்பிலிருந்து பாதம்வரை நாலு விரல் பட்டை இறங்கும். முன்கொசுவத்துக்குள் போனால் தெரியாது. பின்பக்கம் வந்தால் வெயிலில் தெரியும். இவ்வளவும் சொன்னேன்.

மூட்டமான ஒரு நாளில் கொண்டுபோனேன். முதலாளி மேஜைமேல் பிரித்தார், டியூப் லைட்டில் ஒரு பார்வை பார்த்தார், மடித்தார். பாவு கொடுத்தார்.

மில் அண்ணன் ஒரு வாரம், "சொல்லிட்டியா?" என்று கேட்டார். அப்புறம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தை பிறந்தது. கோயிலுக்கே போகாத மனுஷன் முகூர்த்த நாளென்றால் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு தேவிகாபுரம் கோயிலுக்கும் இங்கே ஊருக்குள் கல்யாண மண்டபங்களுக்கும் போக ஆரம்பித்தார். பக்தி வந்துவிட்டது என்று அண்ணி சந்தோஷப்பட்டாள். நான் எதையும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணி சுவரோரம் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"உங்க அண்ணன அடிச்சிட்டாங்க ம்மா. நெத்தியில தையல் போட்டுக்கீது."

"யாரு?"

"கல்யாணத்துக்கு வந்தவங்க. பொம்பளைங்க பின்னாலயே பாத்துகினு நின்னாராம். பொண்ணு வூடா, மாப்ள வூடான்னு கேட்டாங்களாம். ரெண்டும் இல்லன்னாராம். அப்ப என்னாத்துக்குப் பாக்கறன்னு கேட்டதுக்கு, சேலையப் பாக்கறேன்னு சொல்லிக்கீறாரு. வுடுவாங்களா?"

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எந்தச் சேல, எதுக்குப் பாத்தீங்கன்னு நானும் கேட்டுட்டேன். அத நான் சொல்லக் கூடாதுங்கறாரு. ஐம்பது வயசுல எனக்கு இந்தப் பேஜாரு வேணுமா? ரெண்டு நாளா நான் அவருக்கு சோறு போடல."

அன்றைக்கு நான் தறியில் உட்காரவில்லை. மறுநாள் காலையில் அண்ணியைக் கூப்பிட்டு, அவர் தேடினது நான் நெய்த பட்டை விழுந்த சேலையைத்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "அவர என்னென்னா பேசிட்டேன்" என்றாள். உள்ளே போய் அரிசி களைகிற சத்தம் கேட்டது.

நான் நேராக முதலாளி வீட்டுக்குப் போனேன். தறியில் பாவு பாதி கிடந்தது. திருப்பி எடுத்துக்கொள்வார் என்றுதான் போனேன்.

"ஐப்பசியில குடுத்த அரக்கு சேலையில ஒரு பட்ட இருக்குதுங்க. ஊட மாறிப்போச்சு. தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து பீரோவின் கீழ்த்தட்டைத் திறந்தார். சேலையை எடுத்து மேஜையில் போட்டார்.

"அடுத்த வாரமே திரும்பி வந்துடுச்சு. கடைக்காரன் வாசல்ல பிரிச்சுப் பாத்திருக்கான்."

"ஏங்க என்னக் கேக்கல?"

"தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் நிக்குது. உன்னக் கேட்டா தறிய வுட்டுட்டு அழுதுகினு உக்காருவ. ஆர்டர் முடியட்டும், கூலியில பாத்துக்கலாம்னு வச்சேன்."

"இத ஒரு நாள் குடுங்க. ஒருத்தருக்குக் காட்டணும்."

"எடுத்துகினு போ. இனிமே அது உன்னுதுதான். இத்த வச்சிகினு நான் என்னா பண்றது?"

தறியில் கிடந்த பாவு பற்றி அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மில் அண்ணன் பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. மூக்குக் கண்ணாடியில் ஒரு கால் உடைந்து நூல் கட்டியிருந்தது. நான் சுவர்மேல் சேலையைப் போட்டேன். நல்ல வெயில்.

"சொல்லிட்டேன் ண்ணே."

எழுந்து வந்தார். சேலையைத் தொடவில்லை, முதலில் பார்த்தார்.

"இதானா?"

"இதான்."

"யாரும் கட்டலியா?"

"கட்டல. அப்பவே கடையிலேர்ந்து திரும்பி வந்துடுச்சாம்."

"அப்ப நான் போனது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"அடி வாங்கறதுக்குத்தான்" என்றாள் அண்ணி, உள்ளேயிருந்து. பிறகு சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து நாற்காலிமேல் வைத்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

சேலையை ஒரு முழம் ஒரு முழமாக நகர்த்தினார். பட்டை வந்தது. உடைந்த கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வலது கை விரல்களைச் சேர்த்து அதன்மேல் வைத்தார். இடது கையிலிருந்து ஒரு விரலைக் கொண்டுவந்து பக்கத்தில் ஒட்டினார்.

"நாலு வெரல்னு சொன்னியே ம்மா. அஞ்சு இருக்கு."

திரும்பவும் வைத்துப் பார்த்தார். அஞ்சுதான் வந்தது. அவர் விரல் மெலிசு. என்னுடையது தடித்த விரல். அதை நான் சொல்லவில்லை.

"ஆமா ண்ணே" என்றேன். "அஞ்சுதான்."